மூன்றாம் இயந்திரத்தின் பம்பு

எங்கள் மின் நிலையத்தில் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பிட்டர் ஒருவரை எல்லோரும் 'மாப்பிள்ளை' என்றே அழைத்தார்கள். பழுதென்று நிறுத்தப்பட்ட மூன்றாம் இயந்திரத்தை அவர் ஒருவர்தான் வாரந்தவறாமல் போய்ப் பார்த்துவந்தார்; அது அவருடைய மாமியார் வீடு என்பது சக ஊழியர்களின் கேலி.

"என்ன மாப்பிள்ளை, விருந்து பலமா?"

"சீர்வரிசை பூரா நீங்க தூக்கிட்டுப் போயிட்டீங்க. அப்புறம் எங்கேருந்து விருந்து?"

அவர் சொன்னதில் பொய்யில்லை. மற்ற இரண்டு இயந்திரங்களுக்கு உதிரிபாகம் தேவைப்பட்டபோதெல்லாம் மூன்றாவதிலிருந்து கழற்றுவதே வழக்கமாகிவிட்டது. புதிது வாங்க மின்வாரியத்திடம் பணமில்லை. இருந்ததையும் தனியாரிடம் மின்சாரம் வாங்கவே செலவழித்தது. வால்வுகள் போயின, மோட்டார்கள் போயின. கொதிகலனுக்குள் நீரைத் தள்ளும் பெரிய பம்பு மட்டும் எஞ்சியது. ஒரே நிலையில் கிடந்தால் அதன் தண்டு வளைந்துவிடும் என்பதால், நீண்ட கம்பியொன்றைக் கோத்து, வாரந்தோறும் அரைச்சுற்று கையாலேயே சுழற்றிவிடுவார்.

மூன்றாவதைச் சீரமைக்கும் திட்டம் தலைமையகத்தின் பரிசீலனையில் இருந்தது. பம்பு இருக்கும்வரை அத்திட்டத்துக்கும் உயிருண்டு என்று அவர் நம்பினார். அந்த இயந்திரத்தை நிறுவியபோது வேலைக்குச் சேர்ந்தவர். ஓய்வு பெறுமுன் அது மீண்டும் ஓடுவதைப் பார்த்துவிட வேண்டும். அவர் வேறெதற்கும் ஆசைப்பட்டு நான் கண்டதில்லை.

கோடையில் இரண்டாம் இயந்திரத்தின் பம்பு உடைந்தது. முதலாவது ஏற்கெனவே படுத்திருந்தது. நகரத்தில் மின்சாரம் அடியோடு நின்றது. பொறியாளர் பட்டறைக்கே வந்தார்.

"அண்ணே, உங்க பம்பு வேணும்."

"என்னோடது இல்ல சார், மூணாவதோடது."

"அது எந்திரிக்கும்னு இன்னுமா நம்புறீங்க?"

"தலைமையகத்துல பாத்துக்கிட்டு இருக்காங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"எனக்கும் அதையேதான் சொல்லிக்கிட்டு இருக்காங்க." பொறியாளர் தலையைக் குனிந்துகொண்டார். "ஆஸ்பத்திரில ஜெனரேட்டருக்கு டீசல் தீரப்போகுதாம்ணே."

மதியம் வீட்டில் மாப்பிள்ளையின் மனைவி அட்டையால் விசிறிக்கொண்டே சோறு பரிமாறினாள்.

"ஏங்க, கரண்டு ஆபீஸ்காரனைக் கட்டிக்கிட்டு நான் கண்டது இந்த அட்டைதான். உங்க தங்கச்சி மக வேற அந்த ஆஸ்பத்திரிலதான் பிரசவத்துக்குக் கிடக்கா. கேட்டதைக் கழட்டிக் குடுத்துட்டு வாங்க."

அவர் பாதிச் சோற்றில் எழுந்துபோனார். வேறெவரையும் தொடவிடாமல் தாமே கழற்றினார். பம்பு இரண்டாவதில் பிசகின்றிப் பொருந்தியது. அத்தனை பதமாக அவர் அதை வைத்திராவிட்டால், யாரும் அதைக் கேட்டிருக்கவே மாட்டார்கள். நகரத்தில் விளக்குகள் எரிந்தன. தங்கை மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது.

மழைக்காலத்தில் தலைமையகத்தின் முடிவு வந்தது: முக்கியப் பாகங்களே இல்லாத இயந்திரத்தைச் சீரமைப்பது வீண், அதைப் பழைய இரும்பாக விற்றுவிடலாம்.

வாங்கியவனின் ஆட்கள் வெட்டும் கருவிகளோடு வந்தபோது, பொறியாளர் மாப்பிள்ளையை அழைத்தார்.

"நீங்க கூட நிக்கணும்ணே. ரெண்டாவதோட குழாயும் இதுக்குள்ளதான் போகுது. தப்பா வெட்டிட்டா அதுவும் போச்சு."

"அது மட்டும் எத்தனை நாளைக்கு சார்?"

மாப்பிள்ளை ஒரு சாக்குக்கட்டியை வாங்கிக்கொண்டு இயந்திரத்துக்கு அடியில் குனிந்து நுழைந்தார். வெட்ட வேண்டிய குழாய்களைத் தடவித் தடவிப் பார்த்து, ஒவ்வொன்றாகக் குறியிடத் தொடங்கினார்.