கயிற்றடியில் நிற்க ஓர் ஆள்

நாடக அரங்கில் அவளுக்குப் பெயர் மேடையக்கா. திரைக்குப் பின்னால் எது எப்போது ஏற வேண்டும், எது எப்போது இறங்க வேண்டும் என்பதெல்லாம் அவள் வாயிலிருந்து வந்தால்தான் நடக்கும். கல்லூரியில் படிக்கும்போதே இந்த அரங்குக்குள் நுழைந்தவள். முதல் மூன்று வருடம் மேடையைக் கூட்டினாள், ஆணி அடித்தாள், நடிகர்களின் உடுப்புக்கு இஸ்திரி போட்டாள். சல்லிக்காசு கிடையாது. "கலைன்னு வந்துட்டு கூலி கேக்கிறியே?" என்று அப்போதைய மேலாளர் சிரித்த சிரிப்பு இன்னும் அவளுக்கு மறக்கவில்லை. கூட வந்த நாலு பேரில் மூன்று பேர் பஸ் செலவுக்கே வழியில்லாமல் கழன்றுகொண்டார்கள். அதில் ஒருத்தி இவளைவிடக் கெட்டிக்காரி.

அதனால்தான் அவள் ஐந்து வருடமாக ஒவ்வொரு கூட்டத்திலும் எழுந்து நின்று ஒரே பாட்டைப் பாடினாள். கல்லூரிப் பிள்ளைகளுக்கு இங்கே பயிற்சி கொடுக்க வேண்டும், மாதாமாதம் சம்பளமும் கொடுக்க வேண்டும். கடைசியில் ஓர் அறக்கட்டளை அந்தச் சம்பளத்தைத் தர முன்வந்தது. விண்ணப்பக் கடிதத்தையும் அவளே எழுதினாள். பஸ் ஓட்டும் அவள் கணவர் அதை வாங்கிப் படித்துவிட்டு, "கல்யாணத்துக்கு முன்னாடி எனக்கு ரெண்டே வரிதான எழுதின!" என்று பொருமினார்.

எட்டு மாணவர்கள் வந்தார்கள். அந்த வாரக் கடைசியில் கயிற்றுக்காரர் அவள் அறை வாசலில் வந்து நின்றார். மேடைக்கு மேலே தொங்கும் ஓவியச் சுவர்களையும் திரைகளையும் பத்தொன்பது வருடமாக ஏற்றி இறக்கியவர். கையில் சாப்பாட்டுப் பையும் தோல் கையுறையும் இருந்தன.

"நான் கிளம்பறேம்மா. திங்கக்கிழமையிலேர்ந்து வரவேண்டாமாம்."

"என்னண்ணே சொல்றீங்க? யார் சொன்னது?"

"மேலாளர்தான். தச்சு வேலைக்கு உதவியா இருந்த ரெண்டு பேருக்கும் இதே கதை. பசங்க வந்துட்டாங்கல்ல, அவங்க பாத்துக்குவாங்களாம்."

அவளுக்கு உச்சந்தலை வரை சுர்ரென்று ஏறியது. மேலாளரின் அறைக் கதவைத் தட்டாமலே திறந்தாள்.

"சார், பசங்க கத்துக்க வந்திருக்காங்க. யார்கிட்ட கத்துக்கணுமோ அவரையே அனுப்பிட்டீங்களே?"

மேலாளர் மடிக்கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நீங்க எழுதின லெட்டர்தானே? 'அரங்கின் எல்லா வேலைகளிலும் மாணவர்கள் பங்கேற்பர்'னு இருக்கு. பங்கேற்கட்டும். கயித்த இழுக்கறதுக்கு என்ன டாக்டர் பட்டமா வேணும்?"

தன் கையெழுத்தே தன் முகத்தில் அறைந்ததுபோல் இருந்தது அவளுக்கு. வீடு வந்ததும் பாத்திரங்கள் அன்று வழக்கத்தைவிடச் சத்தமாக விழுந்தன.

முழு ஒத்திகை நாளில் அவள் பயந்தது நடந்தது. மேலே தொங்கும் சுவரின் எடைக்குச் சமமாகக் கயிற்றின் மறுபக்கம் இரும்புக் கட்டிகளை ஏற்ற வேண்டும். மாணவர்கள் இரண்டு கட்டி குறைவாக ஏற்றியிருந்தார்கள். அவர்களை யார் குற்றம் சொல்வது? சொல்லிக் கொடுக்க ஆளில்லை. கயிற்றுப் பூட்டைத் திறந்ததும் சுவர் சரசரவென்று இறங்க, கண்ணாடி போட்ட ஒரு மாணவியின் உள்ளங்கைகளைக் கயிறு உரித்துக்கொண்டு ஓடியது. சுவர் மேடையில் மோதி இரண்டாகப் பிளந்தது. அடியில் யாரும் நிற்கவில்லை, அவ்வளவுதான்.

மேலாளர் வந்து முதலில் சுவரைப் பார்த்தார். "நாளைக்குள்ள ஒட்டிடலாம். அந்தப் பொண்ணுக்கு மருந்து போடுங்க."

"சார், அது கை."

"தெரியுது. அதான் மருந்து போடச் சொன்னேன்."

மறுநாள் அரங்கு நிறைந்திருந்தது. முதல் மணி அடித்தாள், இரண்டாம் மணி அடித்தாள். திரை ஏறுவதற்கான மூன்றாவதை அடிக்கவில்லை. கயிற்றடியில் நின்ற இரண்டு மாணவர்களையும் விலகச் சொல்லிவிட்டு, பூட்டின் சாவியைக் கைப்பைக்குள் போட்டு, அதே இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். மேலாளர் வியர்த்து வழிய ஓடிவந்தார்.

"என்ன விளையாட்டு இது?"

"வேலை தெரிஞ்சவர் வந்து நின்னாதான் திரை ஏறும் சார். நேத்து கை போச்சு. இன்னிக்குத் தலை போனா அதுக்கும் மருந்து போடுவீங்களா?"

வெளியே கைதட்டிக் கூப்பிடத் தொடங்கினார்கள். வேறு வழியில்லாமல் மேலாளர் தலையசைக்க, அவள் கயிற்றுக்காரருக்குப் போன் போட்டாள்.

அவர் வந்தார், ஆனால் பின்வாசலோடு நின்றுவிட்டார். "என்னை வரவேண்டாம்னு வாயால சொன்னாங்க. வரச்சொல்றத எழுதிக் கொடுக்கட்டும்." நிகழ்ச்சித் துண்டறிக்கையின் பின்பக்கத்தில், சுவரில் வைத்து மேலாளர் எழுதினார். கயிற்றுக்காரர் அதை இரண்டு தடவை நிதானமாகப் படித்து, 'நிரந்தரம்' என்ற சொல்லைச் சேர்க்கவைத்து, மடித்துப் பையில் வைத்துவிட்டுத்தான் கையுறையை மாட்டினார். நாடகம் ஐம்பது நிமிடம் தாமதமாகத் தொடங்கியது.

மூன்றாம் நாள் அவளுக்கு விளக்கம் கேட்டு ஓலை வந்தது. அதற்கு அவள் பதில் எழுதுவதற்குள் எட்டு மாணவர்களும் சேர்ந்து நடந்ததையெல்லாம் எழுதி அறக்கட்டளைக்குக் கடிதம் போட்டிருந்தார்கள். கட்டுப்போட்ட கையோடு வந்து அந்த மாணவி சொன்னாள்: "அக்கா, சம்பளம் வந்ததும் வீட்டுல எவ்வளவு சந்தோஷப்பட்டாங்க தெரியுமா? நாங்க வந்ததால அந்தத் தாத்தாவோட சாப்பாடு போச்சுன்னு எங்களுக்கு யாருமே சொல்லலையே."

அடுத்த வருட விதிகளில் அறக்கட்டளை ஒரு வரி சேர்த்தது: மாணவர்கள் பணியாளர் பக்கத்தில் நின்று கற்க வேண்டும், எவர் இடத்திலும் அமர்த்தப்படக் கூடாது. அவள்மீதான விசாரணை அப்படியே அமுங்கிப்போனது. அந்த வருடத் தொடக்க விழாவில் மேலாளர் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு, "தொழிலாளர் நலன்ல நாங்க எப்பவும் உறுதியா இருக்கோம்" என்றபோது அவள் எழுந்து வெளியே போய்விட்டாள்.

தச்சு உதவியாளர்கள் இருவரையும் யாரும் திரும்பக் கூப்பிடவில்லை. ஒருவர் ஊரைவிட்டே போய்விட்டார். இன்னொருவர் கட்டில் விற்கும் கடையில் சுமை தூக்குகிறார். ஒவ்வொரு கூட்டத்திலும் அவள் இப்போதும் எழுந்து நிற்கிறாள். "அந்த ரெண்டு பேர் விஷயம் என்னாச்சு சார்?" மேலாளர் அடுத்த பொருளுக்குப் போகச் சொல்கிறார். அவள் உட்காருவதில்லை.