தீவுக்கு நான் அனுப்பிய கப்பல்

பிள்ளைகளுக்குக் கதை எழுதுகிறவர் ஒரு தீவைக் கொண்டுவந்தால் எனக்கு உடனே சந்தேகம் வந்துவிடும். இந்த மனிதருக்கு எதையோ அப்புறப்படுத்த வேண்டியிருக்கிறது. பெரும்பாலும் அது பெற்றோராக இருக்கும். முதல் அத்தியாயத்தில் புயல் அடிக்கும், இரண்டாம் அத்தியாயத்தில் அப்பா அம்மா வேறு படகில் போய்விடுவார்கள். அதற்குப்பின் குளிக்கச் சொல்லவும் கடைக்குக் கடுகு வாங்க அனுப்பவும் ஆள் கிடையாது. பிள்ளைகளுக்கு இது பிடிப்பதில் அதிசயம் ஒன்றுமில்லை. எனக்கும் ரொம்பவே பிடித்தது. எனக்குப் பிடித்துப்போகிற எதையும் கொஞ்சம் கூடுதலாகச் சந்தேகிப்பது என் வழக்கம்.

ஐம்பதுகளின் கடைசியில் விருதுநகரில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். கடலைப் பார்த்ததில்லை. எங்கள் தெருக் குழாயில் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும். வராத நாளிலும் குடங்கள் வரிசையில் நிற்கும். அக்கம்பக்கத்தார் மேல் எங்களுக்கு அவ்வளவு நம்பிக்கை.

வகுப்பில் ஒரு மர அலமாரி இருந்தது, அதன் சாவி டீச்சரின் இடுப்பில் இருந்தது. வாரத்துக்கு ஒரு புத்தகம். வெள்ளிக்கிழமை கடைசி மணியில் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வகுப்புக்கு முன்னால் நின்று கதையை முதலிலிருந்து முடிவுவரை சொல்ல வேண்டும். ஒழுங்காகச் சொன்னால் அடுத்த புத்தகம் கிடைக்கும். தடுமாறினால் அலமாரி மூடிக்கொள்ளும். வீட்டில் எனக்குப் படிக்க இருந்தவை பஞ்சாங்கமும் மளிகைச் சாமான் சுற்றிவந்த தாள்களும்தான். ஆகவே அந்தச் சாவியை நான் ரொம்ப மரியாதையாகப் பார்ப்பேன்.

ஒரு வாரம் எனக்கு வந்து சேர்ந்தது தீவுக் கதை. நான்கு பிள்ளைகள், ஒரு புயல், நான் மேலே சொன்னபடி பெற்றோர் வேறு படகில். கரையேறி அரை மணி நேரத்தில் அவர்களுக்கு நல்ல தண்ணீர் ஊற்று கிடைத்துவிட்டது. வரிசையும் இல்லை, குடமும் இல்லை. அதைக்கூட மன்னித்தேன். அடுத்து, கடலில் விழுந்து எழுந்த பையன் ஒருவன் கால்சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்து உரசினான். முதல் உரசலிலேயே பற்றிக்கொண்டது. இது தீப்பெட்டி செய்கிற சீமையில் சொல்லக்கூடாத பொய். ஐப்பசி கார்த்திகையில் வானம் மூடினாலே குச்சி காயாமல் வேலை நின்றுபோகிற ஊர்ப்பக்கம் எங்களுடையது. இந்த ஆசிரியர் சிவகாசி வழியாக ஒருமுறை பஸ்ஸில்கூடப் போனதில்லை என்று முடிவு செய்தேன். முடிவு செய்துவிட்டு, சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துத் தொடர்ந்து படித்தேன்.

பாதிக்கு மேல் போனதும் கதை கொஞ்சம் சுற்ற ஆரம்பித்தது. பிள்ளைகள் மீன் பிடித்தார்கள், குன்றில் ஏறினார்கள், கப்பல் வருகிறதா என்று பார்த்தார்கள். பிறகு மறுபடி மீன் பிடித்தார்கள், மறுபடி குன்றில் ஏறினார்கள். சரிதான், தீவில் வேறு என்ன வேலை இருக்கும் என்று விட்டுவிட்டேன். குன்றின் உச்சியில் மூத்த பையன் கையைத் தூக்கி, "அதோ" என்றான். அவ்வளவுதான், அட்டை வந்துவிட்டது.

வேறு யாராவது என்றால் நேரே டீச்சரிடம் போய்ச் சொல்லியிருப்பார்கள். நான் யோசித்தேன். கடைசிப் பக்கம் இல்லை என்று முதலில் சொல்கிறவன்தான் அதைக் கிழித்தவன் என்று யாரும் நினைப்பார்கள். நானாக இருந்தால் அப்படித்தான் நினைப்பேன். ஆகவே வெள்ளிக்கிழமை நானே ஒரு கப்பலை அனுப்பிவைத்தேன். தூத்துக்குடியிலிருந்து வந்த கப்பல். பெரிய மீசை வைத்த கேப்டன் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஆளுக்கு ஒரு பொட்டலம் மக்ரூன் கொடுத்தார். வகுப்பு வாய் பிளந்து கேட்டது. டீச்சர் அலமாரியைத் திறந்து அடுத்த புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார்கள்.

தீவுக் கதை என் பெஞ்சுக்காரனுக்குப் போயிற்று. அவன் சிவகாசிக்குப் பக்கத்துத் திருத்தங்கல்காரன். விருதுநகரில் அத்தை வீட்டில் தங்கிப் படித்தான், சனிக்கிழமை பஸ் ஏறி ஊருக்குப் போவான். அவன் அம்மா ஒரு அச்சகத்தில் பைண்டிங் வேலை பார்த்தார்கள். அக்காமார் வீட்டிலிருந்தபடி வெடிக்குக் காகிதக் குழாய் சுற்றினார்கள். அதிகம் பேசமாட்டான். அந்த வெள்ளிக்கிழமையும் அப்படித்தான். பிள்ளைகள் குன்றில் ஏறுகிறவரை சொன்னான். மூத்தவன் "அதோ" என்றான், அதற்குமேல் ஒன்றும் இல்லை என்று முடித்துவிட்டான். பின் வரிசையிலிருந்து கேள்வி வந்தது: மக்ரூன் என்ன ஆச்சு?

"கப்பலே வரல டீச்சர்," என்றான் அவன்.

டீச்சர் புத்தகத்தை வாங்கிப் பொருளடக்கத்தைப் பார்த்தார்கள். கடைசி அத்தியாயம் தொண்ணூற்று ஒன்பதாம் பக்கம் என்று போட்டிருந்தது. புத்தகமோ தொண்ணூற்று ஆறில் நின்றது. மணி அடித்ததும் வகுப்பை அனுப்பிவிட்டு எங்கள் இருவரை மட்டும் நிறுத்திக்கொண்டார்கள். முதலில் பார்வை என் பக்கம்தான் வந்தது. கப்பல் வந்ததைச் சொன்னவன் நான். அப்படியானால் அந்தப் பக்கங்களைப் படித்திருக்கிறேன். படித்தவன் கையிலிருந்தபோது அவை இருந்திருக்கின்றன. இப்போது இல்லை. என் பொய்யே எனக்கு எதிரான சாட்சியாக வந்து நின்றது. கிழித்தவன் யாரென்று தெரியும்வரை இருவருக்கும் இனிப் புத்தகம் கிடையாது என்றார்கள்.

அலமாரி மூடியிருந்த கோலத்தைப் பார்த்தேன். பிறகு நான் சொன்னதை இன்றைக்கும் என்னால் சிரித்துக்கொண்டே சொல்ல முடியவில்லை.

"அவுக வீட்டுல வெடிக்குக் குழாய் சுத்துறாக டீச்சர். காகிதம் எம்புட்டு இருந்தாலும் பத்தாது."

எங்கள் பக்கத்தில் காகிதம் காணாமல் போனால் யாரும் இப்படித்தான் நினைப்பார்கள். நோட்டுப் புத்தகமோ கல்யாணப் பத்திரிகையோ, காணவில்லை என்றால் எங்கேயோ வெடியாகிவிட்டது என்று அர்த்தம். டீச்சரும் அப்படி நினைத்தார்கள் என்பது முகத்தில் தெரிந்தது.

அவன் என்னை அடிக்கவில்லை. என்னைப் பார்க்கக்கூட இல்லை. புத்தகத்தைக் கேட்டு வாங்கினான். அட்டையைப் பின்பக்கமாக மடக்கி, நடுத் தையலைப் பெருவிரலால் அழுத்திப் பார்த்தான். பிறகு பக்கங்களை மெதுவாகப் பின்னோக்கித் தள்ளினான்.

"கிழிச்சா நூலு லூசாயிரும் டீச்சர். இது இறுக்கமாத்தான் இருக்கு. பாரம் மாறி விழுந்திருக்கு. எண்பத்தொண்ணுலருந்து தொண்ணூத்தாறு வரைக்கும் ரெண்டு வாட்டி இருக்கு, பாருங்க."

பாரம் என்றால், ஒரே பெரிய தாளில் பதினாறு பக்கம் அடித்து மடித்த கட்டு. அவற்றைக் குவியல் குவியலாக மேசையில் வைத்திருப்பார்களாம். பெண்கள் மேசையைச் சுற்றி நடந்து குவியலுக்கு ஒன்றாக எடுத்து அடுக்குவார்களாம். பேச்சுச் சுவாரசியத்தில் ஒரே இடத்தில் நின்றுவிட்டால் ஒரு பாரம் இரண்டு தடவை ஏறி, அடுத்தது விட்டுப்போகும். அம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன் என்றான். டீச்சர் எண்ணிப் பார்த்தார்கள். அவன் சொன்னபடியே இருந்தது.

யாரும் கிழிக்கவில்லை. எனக்கு ஒரு நிமிஷம் உயிர் வந்தது. அந்த நிமிஷம் முடிந்ததும் டீச்சர் கேட்டார்கள்: "அப்ப கப்பல் எங்கருந்துலே வந்துச்சு?"

தீவின் மேல் எழுத்தாளர்களுக்கு ஏன் இவ்வளவு ஆசை என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. அங்கே என்ன நடந்தது என்று போய்ப் பார்த்துவிட்டு வர ஆள் கிடையாது. ஊற்று இருந்தது என்றால் இருந்தது, தீப்பெட்டி பற்றியது என்றால் பற்றியது. என் தீவுக்கு மட்டும் திருத்தங்கலிலிருந்து ஒருவன் போய் இறங்கிவிட்டான்.

"நாந்தான் அனுப்புனேன் டீச்சர்," என்றேன்.

டீச்சர் புத்தகத்தை எண்பத்தொன்றாம் பக்கத்தில் விரித்துக் காட்டினார்கள். "அது போகட்டும். பதினாறு பக்கம் திரும்பவும் வந்துருக்கே, அதுகூடவாலே தெரியல?"

"தெரிஞ்சுது டீச்சர். தீவுல அப்பிடித்தான் இருக்கும்னு நெனச்சேன்."

டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பி, ஏற்கெனவே அழித்திருந்த பலகையை மறுபடி அழித்தார்கள். அவர்கள் சிரித்தார்கள் என்பது என் சந்தேகம், நிரூபிக்க முடியவில்லை. திரும்பியபோது முகம் ஒழுங்காக இருந்தது. இனி எனக்குப் புத்தகம் உண்டு, ஆனால் ஒரு கட்டுப்பாட்டோடு என்றார்கள். எந்தப் புத்தகமும் முதலில் அவனிடம் போகும். அவன் முழுக்கப் படித்து முடித்தபிறகு எனக்கு வரும். நான் கதை சொல்லும்போது அவன் பக்கத்தில் நிற்பான்.

தண்டனை லேசானது என்று நினைத்தேன். அவன் எவ்வளவு மெதுவாகப் படிப்பான் என்று எனக்குத் தெரியாது. வாரத்துக்கு ஒன்று வாசித்தவனுக்கு, மூன்று வாரமாகியும் ஒன்றுகூட வரவில்லை. தினமும் காலையில் பெஞ்சில் உட்கார்ந்ததும் முடித்தாயா என்று கேட்பேன். இல்லை என்று தலையசைப்பான். மூன்றாவது வாரம், வெடிக் குழாய் விஷயம் நான் சொன்னது தப்பு என்றேன். உண்மையாகவே வருந்தித்தான் சொன்னேன். கூடவே, சொன்னால் பக்கம் கொஞ்சம் வேகமாகப் புரளும் என்ற எண்ணமும் இருந்தது. அவன் அந்த இரண்டையும் கண்டுகொண்டான் என்றே நினைக்கிறேன்.

"சரிலே," என்றான். பக்கத்தைப் புரட்டவில்லை. "பொறு. ஏதாச்சும் ரெண்டு வாட்டி வந்துருக்கான்னு பாத்துப் பாத்துத்தான் படிக்கேன். ஒனக்குத்தான் தெரியாதுல்ல."