தாமல் ஏரிக்கரையிலிருந்த பழைய செட்

எழுபதுகளில் காஞ்சிபுரத்தில் ஒரு போலீஸ் ஸ்டேஷனில் வயர்லெஸ் ஏட்டாக இருந்தேன். பார்த்த வேலையைச் சுருக்கமாகச் சொன்னால், இரைச்சல் கேட்பது. யாரும் பேசாத நேரத்திலும் செட் 'உஸ்' என்று கத்திக்கொண்டே இருக்கும். அதை அடக்க ஸ்குவெல்ச் என்று ஒரு திருகு உண்டு. முறுக்கினால் தூரத்துக் குரலும் சேர்ந்து செத்துவிடும். போதாததற்கு ஆந்திரா பக்கத்துப் பேச்சும் தெலுங்கில் வந்து விழும். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தால் மனைவி வாயைத் திறப்பதே எரிச்சலாக இருக்கும். பாவம், அவள் உப்பு போதுமா என்றுதான் கேட்டிருப்பாள்.

ஒரு மழைக்காலத்தில் புது செட்டுகள் வந்தன. அவற்றில் 'டோன்' என்று ஒரு வசதி. நம் ஆள் பேசும்போது அவன் குரலோடு, காதுக்குப் பிடிபடாத ஒரு முனகலும் சேர்ந்து வரும். அது இருந்தால்தான் நம் செட் வாயைத் திறக்கும், இல்லாவிட்டால் ஊமை. எல்லாக் குரலும் கேட்க வேண்டுமென்றால் பக்கவாட்டிலிருந்த சின்ன சுவிட்சைக் கீழே தள்ள வேண்டும். நான் எதற்குத் தள்ளப்போகிறேன்? மேலேயே வைத்துவிட்டு நிம்மதியாக உட்கார்ந்தேன். பின் தெருத் தறிச் சத்தம் எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் எனக்குக் கேட்டது.

தாமல் ஏரி தளும்பிக்கொண்டிருந்தது. அன்று காலையில்தான் கரைக்குக் காவலாக ஒரு கான்ஸ்டபிளைப் பழைய செட் ஒன்றோடு அனுப்பியிருந்தோம். ஸ்டேஷனிலிருந்து சொல்லாமல் அவன் கரையை விட்டு நகரக் கூடாது. அவன் அப்பா முந்தின நாளிலிருந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

பத்து மணிக்கு அவன் தங்கை நனைந்துகொண்டே ஓடி வந்தாள்.

"அப்பா அண்ணனையே கேட்டுக்கினு இருக்குது ஏட்டய்யா. டாக்டரு கைய விரிச்சிட்டாரு. உடனே வரச் சொல்லுங்க."

இன்ஸ்பெக்டரும் உடனே சரி என்றார்.

எங்கள் வேலையில் ஒரு முறை உண்டு. முதலில் இடத்தின் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். எதிரே 'சொல்லுங்க' என்று வந்த பிறகுதான் செய்தியைச் சொல்லலாம். "தாமல், தாமல்" என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் கூப்பிட்டேன். மழையில் அவன் செட் படுத்துவிட்டது என்று நானே முடிவு கட்டினேன். ஓர் ஆளை பஸ்ஸில் அனுப்பியிருக்கலாம். இதோ கிடைத்துவிடுவான், இதோ கிடைத்துவிடுவான் என்றே உட்கார்ந்திருந்தேன். வாசலில் நின்று பார்த்த அந்தப் பெண் ஆஸ்பத்திரிக்கே திரும்பிப் போய்விட்டாள்.

இரண்டரை மணிக்கு அப்பா போய்விட்டார் என்று சேதி வந்தது. அதற்குப் பிறகுதான் ஜீப்பில் மாற்று ஆளை அனுப்பினோம். அவன் போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய நேரமாகியும் செட்டில் சத்தமில்லை. ஏதோ உறுத்தியது. சுவிட்சைக் கீழே தள்ளினேன்.

"செட்டு நல்லாத்தான் இருக்குது ஏட்டய்யா, கேக்குதா?" என்று கரையிலிருந்த பழைய செட்டிலிருந்து மாற்று ஆளின் குரல் கணீரென்று வந்தது.

பழைய செட்டில் டோன் கிடையாது என்பது எனக்குத் தெரிந்த விஷயம்தான். இரைச்சல் ஓய்ந்த சுகத்தில் மறந்துபோயிற்று, அவ்வளவுதான். இத்தனை வருஷம் கழித்து இதை எழுதவும் கூச்சமாகத்தான் இருக்கிறது.

காரியமெல்லாம் முடிந்து, மொட்டைத் தலையோடு அந்தக் கான்ஸ்டபிள் டியூட்டிக்குத் திரும்பினான். நேராக என்னிடம் வந்தான்.

"நீங்க கூப்பிட்டதெல்லாம் எனக்குக் கேட்டுது ஏட்டய்யா. சொல்லுங்க, சொல்லுங்கன்னு கத்திக்கினே இருந்தேன். ஒண்ணுகூட உங்களுக்குக் கேக்கலியா?"

"கேக்கலப்பா" என்றேன். அது உண்மைதான்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "கேட்டுக்கினே சும்மா இருக்கீங்கன்னு நெனச்சிட்டேன். கரைமேல நின்னுக்கினு வாய்க்கு வந்தபடி உங்களைத் திட்டிட்டேன். மனசுல வெச்சிக்காதீங்க."

சுவிட்சைப் பற்றிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "பரவால்ல, விடுப்பா" என்று அவனை மன்னித்து அனுப்பினேன்.