தாராவிச் சாக்கில் கிடந்த கார்டு

“பழைய கம்ப்யூட்டர் அகற்றப்பட்டது. புதியது வைக்கப்பட்டுள்ளது.” போன ஜூலைக் கடைசியில், ஒரு திங்கட்கிழமை காலை, செம்பூரில் நான் வேலை பார்க்கும் கல்லூரி ஆய்வகக் கதவில் ஒட்டியிருந்த சீட்டு இது. அதைத் தேதி குறித்து இன்றும் வைத்திருக்கிறேன். படித்தால் இப்போதும் ரத்தம் கொதிக்கிறது.

அது கடிதம் அடிக்கிற கம்ப்யூட்டர் இல்லை. தண்ணீரில் கலந்த உலோகத்தை அளக்கும் கருவியை அதுதான் இயக்கியது. அதனுள் செருகியிருந்த ஒரு கார்டு வழியாகத்தான் கருவிக்குக் கட்டளை போகும். புதியதில் அந்தக் கார்டைச் செருக இடமே கிடையாது.

கம்ப்யூட்டர் பிரிவு அதிகாரியிடம் ஓடினேன். “பழசுல வைரஸ் வரும் சார்” என்றார். அது இணையத்தோடு சேர்க்கப்பட்டதே இல்லை என்றேன். “அரே சார், நயா மாடல் குடுத்திருக்கோம், ஏன் டென்ஷன் எடுக்கறீங்க? இதுல கேமராகூட இருக்கு!”

கழிமுகத் தண்ணீரை மழைக்காலத்தில் எடுத்து ஆராயும் மாணவி ஒருத்தி, ஆய்வக ஃபிரிட்ஜ் கதவைத் திறந்து பிடித்தபடி நின்றாள். உள்ளே அவளுடைய பாட்டில்கள். அந்த வாரத்துக்குள் அளக்காவிட்டால் வீண். “இனி அடுத்த மழைக்குத்தானா சார்?” என்றாள்.

பழையதை உடைத்து விற்க வாங்கிப்போன காயலான் கடைக்காரர் தாராவியில் இருப்பதாகத் தெரிந்ததும் நானும் அவளும் ஆட்டோ பிடித்தோம். அவர் ஊர் திருநெல்வேலிப் பக்கம். “எல்லாத்தையும் கழட்டியாச்சே அண்ணாச்சி. கார்டுக அந்தச் சாக்குல கெடக்கு, பாத்து எடுத்துக்கிடுங்க” என்றார். விஷயத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டார். “படிக்கிற எடத்துலயே இப்பிடி ஒடைக்கக் குடுப்பாவளா?” நான் சாக்கைக் கிளறிக் கார்டை எடுத்தேன். அது ஏறக்கூடிய பழைய கம்ப்யூட்டர்ப் பெட்டி ஒன்றையும் அவரே தேடி எடுத்து, “சும்மா கொண்டு போம்மா, பாட்டில் கெட்டுரப் போவுது” என்று அவள் கையில் கொடுத்தார்.

மென்பொருளின் நகல் என்னிடம் இருந்தது. கருவி உயிர் பெற்றது. அளவு தெரிந்த கரைசலை வைத்துச் சோதித்தேன், சரியாகக் காட்டியது. பாட்டில்கள் பிழைத்தன. கல்லூரி அறிக்கையிலோ, “ஆய்வகம் நவீனமாக்கப்பட்டது” என்று ஒரு வரி. எங்களை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, முன்பும் சரி, பின்பும் சரி.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. அந்தச் சாக்கில் அதே மாதிரிக் கார்டுகள் இரண்டு இருந்தன. இரண்டிலும் எண் எழுதி ஒட்டிய தாள் கிழிந்திருந்தது. நான் எடுத்து வந்தது எங்களுடையதுதானா என்பதை இன்றுவரை உறுதிசெய்ய முடியவில்லை. எதுவானாலும், எங்களைப் போலவே கார்டைத் தொலைத்த அந்த இன்னோர் ஆய்வகத்தில் யார் ஃபிரிட்ஜ் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்களோ என்ற நினைப்பு என்னை விடுவதில்லை.