கசிப்புப் பானையின் பளபளப்பு

இன்று மனைவி செம்புக் குடத்தைப் புளி போட்டுத் தேய்த்தபோது எழுந்த வாடையில், தெமோதரைக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில் இருந்த, பிறகு இடிக்கப்பட்டுவிட்ட எங்கள் லய வீட்டின் பின்பக்கம் நினைவுக்கு வந்தது. அங்கே, கசிப்புக் கள்ளச்சாராயம் காய்ச்சுவதற்கென்று அப்பா தானே தகடு தட்டிச் செய்த செம்புப் பானையை, ஞாயிறுதோறும் அம்மா புளியும் உப்பும் பூசி, கரி போகச் சாம்பலால் கர் கர் என்று வட்டம் வட்டமாகத் தேய்க்க வேண்டும். மங்கலாக இருந்தால் அப்பா பெல்ட்டை உருவுவார்.

"மூஞ்சி தெரியணும்டி! தெரியிற வரைக்கும் தேய்!"

ஒரு ஞாயிறு பானை கண்ணாடியாய்ப் பளபளத்தது. முந்தின நாள் அப்பா அடித்ததில் வீங்கி மூடிய கண்ணையும் கிழிந்த உதட்டையும் அம்மா அதில் வெகுநேரம் பார்த்தார். பிறகு உள்ளே போய் அப்பாவின் கவ்வாத்துக் கத்தியை எடுத்துவந்து, அப்பா தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும் அதே வீச்சில் பானையைக் கொத்திக் கிழித்தார். சத்தம் கேட்டு அப்பா கையை ஓங்கியபடி ஓடிவந்தார்.

"மூஞ்சி தெரிஞ்சிருச்சுங்க," என்றார் அம்மா, கத்தியைத் தாழ்த்தாமல். "இன்னொருக்கா என்மேல கை வச்சா, அடுத்த கொத்து ஒங்களுக்குத்தான்."

அப்பாவின் கை மெல்ல இறங்கியது. அதற்குப் பிறகு எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் குழம்புக்கு மட்டும்தான் புளி கரைந்தது.