காலி வீட்டின் ஒலிப்பதிவு

பல்செட் செய்கிறவருக்கு நண்பர்கள் வைத்த பெயர் 'நாலுமூலை'. அவர் வீட்டுக் கூடத்தை ஒருமுறை பார்த்தவர்களுக்கு அந்தப் பெயரை விளக்க வேண்டியதில்லை. மூலைக்கு ஒன்றாக நான்கு ஸ்பீக்கர் பெட்டிகள், இடுப்பு உயரத்துக்கு, கூடத்தின் நடுவை முறைத்துக்கொண்டு நிற்கும். நடுவில் ஒரே ஒரு பிரம்பு நாற்காலி. மற்ற சாமான்களெல்லாம் வேண்டாத விருந்தாளிகளைப் போலச் சுவரோரம் ஒதுங்கியிருக்கும். அவர் மனைவியின் தையல் மெஷினும் உள்ளறைக்குத் தள்ளப்பட்டுவிட்டது. அந்த அறைக்குக் கதவு கிடையாது. இரும்புக் கம்பியில் வளையங்கள் கோத்துத் தொங்கவிட்ட கனத்த திரைச்சீலைதான்.

"கூடம்னா நாலு பேர் உக்கார்ற இடம். எங்க வீட்ல நாலு பொட்டி உக்காந்திருக்கு" என்பாள் மனைவி, துணி தைக்கக் கொடுக்க வருகிறவர்களிடம். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். ஆனால் அந்த நாற்காலியில் அவள் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. உட்காரச் சொல்ல அவருக்கும் தோன்றியதில்லை.

பகலெல்லாம் அவருக்குப் பல் டாக்டரின் கிளினிக்குக்குப் பின்னால் ஒரு சின்ன அறையில் வேலை. பிளாஸ்டர் அச்சில் மெழுகு வைத்து, பற்களை ஒவ்வொன்றாகப் பதித்து, அரம் போட்டு ராவுவார். மேல்வரிசையும் கீழ்வரிசையும் ஒன்றின்மேல் ஒன்று வந்து உட்காரும் சத்தத்தைக் காதோடு வைத்துக் கேட்டுப் பார்ப்பார். "பல்லைப் பார்க்கச் சொன்னா கேக்கறான் பாரு" என்று டாக்டர் கேலி செய்வார். டாக்டருக்கும் இந்தப் பைத்தியம் உண்டு என்பதால் கேலி அதற்கு மேல் போகாது.

அது நான்கு ஒலிப் பைத்தியம் தலைக்கேறியிருந்த காலம். முதலில் ஒரு பெட்டியிலிருந்து பாட்டு வந்தது; பிறகு இரண்டு. இரண்டுக்கே வாய் பிளந்தவர்களிடம், முன்னால் இரண்டு பின்னால் இரண்டு என்று நான்கை நீட்டினார்கள் கம்பெனிக்காரர்கள். ஆனால் எப்படி நான்கு என்பதில் ஆளுக்கொரு கட்சி. பின்னால் கேட்க வேண்டியதை முன்னால் கேட்பதற்குள்ளேயே மடித்து வைத்து, ஒரு கருவியால் பிரித்தெடுப்பது ஒரு கட்சி. எவ்வளவு பிரித்தாலும் முன்னால் பாடுகிறவர் கொஞ்சம் பின்னாலும் கசிவார். காதுக்கு எட்டாத உயரத்தில் ஓர் ஒலியை இசைத்தட்டில் செதுக்கி, அதன் முதுகில் மற்றதை ஏற்றி அனுப்புவது இன்னொரு கட்சி. அதற்குத் தனி முள் வேண்டும், தூசு பட்டால் தொலைந்தது. ஒருவர் தட்டு அடுத்தவர் கருவியில் ஒழுங்காகப் பாடாது. வாங்குகிறவர்களுக்குத் தலை சுற்றிப்போய், சில வருடங்களிலேயே கடைக்காரர்கள் இந்தச் சாமான்களைத் தூக்கிப் பரண்மேல் போட்டார்கள்.

நாலுமூலை ரீல் கட்சி. நாடாவில் நான்கு தடம், தடத்துக்கு ஒரு ஸ்பீக்கர். மடிப்பதும் பிரிப்பதும் கிடையாது, ஒளிவுமறைவே கிடையாது என்று பெருமையடித்துக்கொள்வார்.

ஒரு சமயம் மனைவி, உடம்பு சரியில்லாத அக்காவைப் பார்த்துக்கொள்ள வேறு ஊருக்கு ரயிலேறினாள். வீட்டில் கேட்பாரில்லை என்றதும் அவருக்கு ரொம்ப நாள் ஆசை ஒன்று எழுந்து உட்கார்ந்தது. எந்த ஊர் ஹாலிலோ பதிந்ததையெல்லாம் கேட்கிறோமே, நம்முடைய கூடத்தையே பதிந்து அதே கூடத்தில் கேட்டால் எப்படி இருக்கும்? ஒவ்வொரு ஸ்பீக்கரின் தலைமேலும் ஒரு மைக்கை நிறுத்தினார். உறை பிரிக்காத புது ரீலை மாட்டி ஓடவிட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். நாடா தீரும் முன்பே திரும்பி வந்து நிறுத்தினார். போட்டுக் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆட்கள் வரட்டும் என்று வைத்திருந்தார்.

ஆட்கள் என்றால் இரண்டு பேர். டாக்டர் ஒருவர். இன்னொருவர் மனைவியின் தம்பி, பஸ் கண்டக்டர். நான்கு ஸ்பீக்கரையும் ஒரே மூச்சில் அமுக்கிவிடும் குரல் அவருக்கு.

"காலி வீட்டைக் கேக்கவா மாமா லீவு நாளும் அதுவுமா வரச் சொன்னீங்க?"

"வாயை மூடிட்டுக் கேளுடா மச்சான்."

நாலுமூலை நாற்காலியில் உட்கார்ந்தார். டாக்டர் சுவரில் சாய்ந்துகொண்டார். கண்டக்டர் வாசற்படியில் நின்றார். நாடா சுழன்றது.

அவருடைய செருப்புச் சத்தமே முன்வலப் பக்கமாகப் போயிற்று. கதவு. பூட்டு. பிறகு கடிகாரம், சமையலறைக் குழாய்ச் சொட்டு, பின்பக்க ஜன்னலில் தெருவோடு போகும் சைக்கிள். கூடத்தின் மேல் கூடத்தைப் போர்த்தினாற்போல் இருந்தது. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அப்போது பின்னால், இடது பக்கம், திரைச்சீலையின் வளையங்கள் கம்பியில் நகர்ந்தன.

அவர் திரும்பிப் பார்த்தார். திரை அசையவில்லை. சத்தம் நாடாவில்தான் இருந்தது. வெறுங்கால் நடை, அவசரமில்லாமல், சுவரை ஒட்டியே வந்தது. பின்னாலிருந்து வலப்பக்கம், அங்கிருந்து முன்னால், ஒவ்வொரு பெட்டியின் பக்கத்திலும் கொஞ்சம் நின்று, வேடிக்கை பார்க்கிறவர்களைப் போல. அடிக்கொரு தரம் மெல்லிய சொடுக்கு ஒன்று. சுற்றி முடித்ததும் நடை நடுவுக்கு வந்தது. பிரம்பு முனகியது.

நான்கு மூலைக்கும் சமதூரத்தில் எழும் சத்தம் நான்கு ஸ்பீக்கரிலும் சமமாக வரும். நடுவில் உட்கார்ந்திருப்பவனுக்கு அது எந்தத் திசையிலும் கேட்காது. தலைக்குள்ளேயே கேட்கும். அவர் மண்டைக்குள் யாரோ மூச்சை இழுத்து விட்டார்கள். பிறகு வாய் திறக்காத ஒரு 'ம்', 'இவ்வளவுதானா' என்பது போல.

அவர் நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்தார்.

"என்ன மாமா, பூரான் கடிச்ச மாதிரி?"

"உங்களுக்குக் கேக்கலையா?"

"யாரோ நடக்கறாங்க. நீங்கதானே?"

டாக்டர் கையமர்த்தினார். நாற்காலி மறுபடி முனகியது. நடை திரும்பிப் போயிற்று. வளையங்கள் இழுபட்டன. திரை மூடிக்கொண்டது. பிறகு கடிகாரம் மட்டும்தான். வெகுநேரம் கழித்து முன்வலப் பக்கம் சாவி திரும்பியது. அவருடைய இருமல். ரீல் நின்ற 'டக்'.

மூவரும் உள்ளறைத் திரையைப் பார்த்தார்கள். கண்டக்டர்தான் போய் விலக்கினார். தையல் மெஷின், துணி மூட்டை, பாய். ஜன்னலுக்கு இரும்புக் கம்பி. பீரோ பூட்டியபடி இருந்தது.

"திருடனா இருந்தா எதையாவது தூக்கியிருக்கணும்ல" என்றார் கண்டக்டர். குரல் பாதியாகக் குறைந்திருந்தது. "பழைய நாடாவா இருக்கும் மாமா. எதையோ பதிஞ்சது மேல பதிஞ்சிருக்கீங்க."

"புது ரீல்டா. என் கையால உறை பிரிச்சேன்."

டாக்டர் சட்டையை நீவிவிட்டுக்கொண்டு, கிளினிக்கில் வேலை இருப்பதாகச் சொன்னார். அன்று கிளினிக் கிடையாது.

அதற்கப்புறம் நாலுமூலைக்கு வீட்டில் கால் தரிக்கவில்லை. திரைச்சீலையைச் சுருட்டி மேலே முடிச்சுப் போட்டார். வாசற்படியில் உட்கார்ந்து சாப்பிட்டார். கிளினிக்கில் ஒரு கிழவருக்கு மேல்வரிசையை இடம்வலம் மாற்றிப் பதித்துவிட்டு, "நாக்கைக் கடிக்குதுய்யா" என்று அந்த ஆள் வந்து நின்றபோது திருதிருவென்று விழித்தார். 'மறைந்திருந்தவன் வெளியே போன சத்தம் எங்கே?' என்பது மட்டும் மண்டையைக் குடைந்தது. அவர் உள்ளே வந்து ரீலை நிறுத்தியபோது, திரைக்குப் பின்னால் ஆள் இருந்தாக வேண்டும்.

மனைவி ஊரிலிருந்து வந்ததும் முதல் வேலையாக முடிச்சைப் பார்த்தாள். "திரை என்ன பாவம் பண்ணுச்சு?"

அவர் எல்லாவற்றையும் சொன்னார். அவள் சிரிக்கவில்லை. "போடுங்க, கேக்கறேன்" என்று போய் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அவர் சுவரோரம் நின்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வளையச் சத்தம் வந்தது. நடை ஒரு மூலையைத் தாண்டியதும் அவள் கை தன்னையறியாமல் இடது முழங்காலுக்குப் போயிற்று. பிரம்பு முனகியபோது கண்ணை மூடிக்கொண்டாள். நாடா தீர்ந்த பிறகுதான் திறந்தாள்.

"இது நான்தாங்க."

"என்ன உளர்றே? நீ அங்க அக்கா வீட்ல..."

"முட்டி சொடுக்கறது கேக்கலையா? கல்யாணமாகி வந்ததிலேர்ந்து இந்தச் சத்தத்தோடதான் வளைய வர்றேன். எந்த ஹால்ல பாடினான்னு எதிரொலியை வெச்சே சொல்லுவீங்க. என் நடை தெரியலையா உங்களுக்கு?"

அவர் கண் அவள் முழங்காலுக்குப் போயிற்று.

அவள் எழுந்து நாற்காலியை விட்டுத் தள்ளி நின்றாள். அக்காவுக்கு மருந்து கொடுத்துவிட்டு ஒரு மத்தியானம் பக்கத்திலேயே கண்ணயர்ந்தாளாம். கனவில் இந்த வீடு. தையல் மெஷின் பக்கத்திலிருந்து எழுந்து வந்து, பெட்டிகளைச் சுற்றிப் பார்த்து, அப்படி என்னதான் இருக்கிறது என்று நடுவில் உட்கார்ந்து பார்த்தாளாம்.

"அப்புறம்?"

"அப்புறம் உள்ள போய்ப் படுத்துக்கிட்டேன். கனவுல முழிச்சுக்கவே இல்ல. அக்கா உலுக்கித்தான் எழுப்பினா." திரையில்லாத உள்ளறையை அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. "அழிச்சுடுங்க. போனவ இன்னும் வெளிய வரல. அழிச்சாலாவது வந்துடுவா."

மைக்குகளைப் பிடுங்கிவிட்டு, அதே ரீலின்மேல் ஒன்றுமில்லாததைப் பதிய ஓடவிட்டார். அழிப்பதென்றால் அவ்வளவுதான். சத்தம் இருந்த இடத்தில் மௌனத்தை ஏற்றுவது. அவள் நிலைப்படியைப் பிடித்தபடி முழுவதும் நின்றாள். பாதியில், "தூக்கமா வருது" என்று ஒருமுறை சொன்னாள், நாக்கு குழறியிருந்தது. ரீல் தீர்ந்ததும் கூடத்திலேயே பாயை விரித்துப் படுத்தவள் மறுநாள் விடிந்துதான் எழுந்தாள்.

வேறு வீடு பார்த்துக்கொண்டு போனார்கள். பின் இரண்டு பெட்டிகளை டாக்டருக்குக் கொடுத்துவிட்டார். புது வீட்டில் வெளிச்சமான முன்னறை தையல் மெஷினுக்கு. இவருடைய இரண்டு ஸ்பீக்கர்களும் படுக்கையறை அலமாரிமேல் ஏறிக்கொண்டன. கண்டக்டர் வந்தால் பழைய கதையை எடுக்காமல் பஸ் கதைகளாகவே பேசிவிட்டுப் போவார்.

பல வருடங்களுக்குப் பிறகு, தைத்த துணியை வாங்க வந்த பக்கத்து வீட்டுப் பெண் தான் கண்ட கனவொன்றை வாய் வலிக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். மனைவி பொத்தான் துளைக்குக் காஜா எடுத்துக்கொண்டே கேட்டாள்.

"உங்களுக்கு என்ன கனவு வரும்க்கா?"

"எனக்கா? கனவு வர்றது நின்னு போச்சும்மா."

அந்தப் பெண் போனதும், உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்த நாலுமூலை வெளியே வந்தார். "எப்போலேர்ந்து?"

அவள் நூலைப் பல்லால் கடித்தாள். "ரீலை அழிச்ச அன்னிலேர்ந்து. தெரியாத மாதிரி கேக்காதீங்க."

அன்று மத்தியானம் அவள் தூங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். மூச்சு சீராக வந்தது. மூடிய இமைகளுக்கு அடியில் விழிகள் அசைகின்றனவா என்று குனிந்து, வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.