நாலாவது நரம்பு

கரிப்புகை வாடையும், அந்தப் புகைக்கு நடுவே கேட்கும் ஒரு மொட்டை ‘டக்’ சத்தமும் சேர்ந்ததுதான் எனக்கு நினைவு தெரிந்த விழுப்புரம். எங்கள் அப்பா, ‘நைனா’ என்போம், ரயில் ஷெட்டில் கரி அள்ளுகிறவர். ரயில்வே பங்களா ஒன்றில் இருந்த ஆங்கிலோ இந்திய எஞ்சின் டிரைவரின் மனைவியை எங்கள் தெருவில் எல்லோரும் ‘சட்டைக்காரம்மா’ என்றுதான் சொல்வார்கள். அந்த வீட்டுக் குழந்தைக்குத் தொட்டில் ஆட்டப் போனவள் என் அக்கா எஸ்தர். சாயங்காலமானால் அந்த அம்மாள் வராந்தாவில் உட்கார்ந்து, நாலே நரம்பு கட்டிய யுகுலேலே என்கிற சின்ன கிட்டாரை மார்போடு அணைத்துக்கொண்டு பாடுவாள். நாங்கள் அதற்கு வைத்த பெயர் ‘குட்டிப் பொட்டி’. அக்கா ஒரு கையால் தொட்டிலை ஆட்டிக்கொண்டு, பாட்டு முடிகிறவரைக்கும் அவளுடைய இடது கையையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

யுத்தம் தொடங்கிய வருஷம் டிரைவருக்கு மாற்றல் வந்தது. போகிறபோது அந்த அம்மாள் பழைய பாத்திரம் பண்டங்களோடு குட்டிப் பொட்டியையும் அக்காவுக்கே கொடுத்துவிட்டாள். யாரும் சொல்லித் தராமல், கண்ணால் பார்த்த பிடிகளை ஒவ்வொன்றாக நினைவிலிருந்து எடுத்து, சில மாதங்களுக்குள் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளை அக்கா பாட வைத்துவிட்டாள். எந்தப் பிடியானாலும் மூன்று நரம்புகள்தான் பாடும். முகத்துக்குக் கிட்டே இருக்கிற நாலாவது நரம்பை, கழுத்துக் கட்டைக்கு மேலே வளைந்து வரும் கட்டைவிரல் லேசாகத் தொட்டு அடக்கிவிடும். மீட்டும்போது அது ‘டக்’ என்று மட்டும் சொல்லும். சட்டைக்காரம்மா வாசித்ததும் அப்படியேதான். அப்படித்தான் வாசிக்க வேண்டும் என்று அக்கா நினைத்தாள், நாங்களும் நினைத்தோம். வேறு யாரும் வாசித்து நாங்கள் எங்கே கேட்டோம்?

திண்டிவனத்து மிஷன் பள்ளியில் சிறுபிள்ளை வகுப்பு ஆசிரியைப் பயிற்சிக்குப் பெண்களை எடுக்கிறார்கள், பிள்ளைகளைப் பாட வைக்கத் தெரிந்தவளுக்குச் சாப்பாடும் தங்க இடமும் இலவசம் என்று எங்கள் சர்ச் உபதேசியார் வந்து சொன்னார். அதே சமயத்தில் கோலியனூரிலிருந்து அக்காவைப் பெண் கேட்டு வந்திருந்தார்கள். இடம் கிடைத்தால் படிப்பு, இல்லையென்றால் வைகாசி மாதம் கல்யாணம் என்று நைனா முடிவாகச் சொல்லிவிட்டார். அரிசி கண்ணில் படாத காலம், மூன்று வேளையும் கேப்பைக் கூழ். அவரையும் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நைனாவும் அக்காவும் நானும் காலை வண்டியில் திண்டிவனம் போனோம். அங்கே இருந்த வெள்ளைக்கார அம்மாள் நல்ல மனுஷி. அக்கா கொண்டுபோன குட்டிப் பொட்டியை வாங்கித் திருப்பிப் பார்த்தவள், நாலாவது நரம்பை முறுக்கும் பிரடை தளர்ந்துபோய்க் கிடக்கிறது, இது சுருதியில் நிற்காது என்று சொல்லி, தன்னுடைய யுகுலேலேயை எடுத்துக் கொடுத்தாள். சட்டைக்காரம்மா ஏன் அந்த நரம்பை அடக்கி வாசித்தாள் என்பது அந்த நிமிஷத்தில்தான் எங்களுக்குத் தெரிந்தது. பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்தார்கள். அக்கா வாசித்தாள்; ‘டக்’ விழுந்தது. கட்டைவிரலை எடுத்துவிடு என்றாள் அந்த அம்மாள். எடுத்தாள். நாலு நரம்பும் சேர்ந்து பாடின; ஆனால் பாதிப் பிடிகளில் அந்த நரம்பையும் ஒரு விரலால் அழுத்த வேண்டும் என்பது அக்காவுக்குத் தெரியாதே, நாராசமாக ஒலித்தது. பாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் பாட்டை நிறுத்திவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார்கள். இன்னொரு முறை வாசித்தாள், விரல் தானாக மேலே ஏறியது.

அந்த அம்மாள் கோபிக்கவில்லை. கையைச் சரிசெய்துகொண்டு அடுத்த வருஷம் வா, உனக்கு இடம் வைக்கிறேன் என்றாள். ஸ்டேஷனுக்கு நடக்கும்போது அக்கா அழாமல் கேட்டாள்: “ஒரு வருசம் பொறுத்துக்கோ நைனா. கையைத் திருத்திக்கினு வந்துடறேன்.”

“நீ திருத்திக்கினு வர்ற வரைக்கும் கோலியனூர்க்காரங்க காத்துக்கினு இருப்பாங்களா?” என்றார் நைனா. “வெள்ளைக்காரங்க சொல்ற வார்த்தை எல்லாம் நம்ம வரைக்கும் வராதும்மா.”

கல்யாணத்துக்கு முந்தின வாரம்வரை அக்கா விடவில்லை. பிரடையில் நூல் சுற்றிப் பார்த்தாள், கட்டைவிரலைத் துணியால் உள்ளங்கையோடு கட்டிக்கொண்டு வாசித்துப் பார்த்தாள். பிரடை நழுவியது. கோலியனூருக்குப் போகும்போது குட்டிப் பொட்டியை எடுத்துப் போகவில்லை. மாமியார் வீட்டில் சிரிப்பார்கள் என்றாள். அத்தான் கெட்டவர் இல்லை. நடவுக்கும் களையெடுப்புக்கும் இருவரும் ஒன்றாகவே கூலிக்குப் போனார்கள்.

அடுத்த வருஷம் வெயில் காலத்தில் உபதேசியார் வேர்க்க விறுவிறுக்க எங்கள் வீட்டுக்கு வந்தார். திண்டிவனத்து அம்மாள் சொன்ன சொல் தவறவில்லை, எஸ்தருக்கு இடம் வைத்திருக்கிறாள், ஜூன் மாதம் வரச் சொல்கிறாள் என்றார். எஸ்தரைப் பிள்ளைப்பேற்றில் பறிகொடுத்து அப்போது இருபது நாள்கூட ஆகியிருக்காது. பிள்ளையும் தங்கவில்லை. நைனா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அதற்குப் பிறகு ஷெட்டிலிருந்து வந்தால் கை கழுவாமலே கூழைக் குடிப்பார். எல்லாம் கர்த்தருடைய சித்தம் என்று சர்ச்சில் சொன்னார்கள். எனக்கு அன்றைக்கும் சரி, இன்றைக்கும் சரி, அது ஆத்திரத்தைத்தான் கிளப்புகிறது. ஒரு தளர்ந்த பிரடைக்குக் கர்த்தரை ஏன் இழுக்க வேண்டும்?

விழுப்புரத்தில் இன்று கரி எஞ்சின் இல்லை, சட்டைக்காரர்கள் இருந்த பங்களாக்கள் இல்லை. அக்காவுக்கு ஒரு போட்டோகூட எங்களிடம் கிடையாது. போன மாதம் ஒரு கல்யாணத்துக்காகத் திண்டிவனம் போனவள், மனசு கேட்காமல் அந்தப் பள்ளிப் பக்கம் நடந்தேன். ஓட்டுக் கட்டடத்தை இடித்துவிட்டு மாடி கட்டியிருக்கிறார்கள். வாசலில் இருந்த காவலாளி, “யாரைப் பாக்கணுங்க?” என்று கேட்டான். இங்கே எங்கள் அக்காவுக்கு ஓர் இடம் வைத்திருந்தார்கள் என்று அந்தப் பையனிடம் எப்படிச் சொல்வது? யாருமில்லை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.